வாடகை பாக்கி, கதவில் தொங்கும் பூட்டு: கொட்டகலை டீச்சருக்கு ஒரு பதில்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொட்டகலையில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர். பணிக்கொடைப் பணத்தில் வீட்டுக்கு மேல்மாடி எடுத்து, தனி வாசல் வைத்து, அனெக்ஸாக வாடகைக்கு விட்டிருக்கிறார். குடிவந்தது ஒரு இளம் தம்பதியும் சின்னப் பிள்ளையும். மாதம் 20,000 ரூபா, அட்வான்ஸ் 60,000. இரண்டு வருஷத்துக்கு என்று கடதாசி எழுதி, தெரிந்த ஜே.பி. (சமாதான நீதவான்) ஒருவர் முன்னால் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். ஜனவரி வாடகை வந்தது, பெப்ரவரியிலிருந்து இல்லை. சித்திரைப் புதுவருஷத்துக்கு ஊருக்குப் போய் வருகிறோம் என்று போனவர்கள் திரும்பவில்லை. போன் வேலை செய்யவில்லை. இப்போது ஜூலை. கதவில் அவர்களுடைய பூட்டு, உள்ளே அவர்களுடைய சாமான். "பூட்டை உடைத்து, சாமானை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு வேறு ஆளுக்குக் கொடுக்கலாமா? என் வீடுதானே?" என்று கேட்கிறார்.

டீச்சர், உடைக்காதீர்கள். இந்த மாதம் நீங்கள் செய்யக்கூடிய ஒரே பெரிய தவறு அதுதான். மற்றதெல்லாம் சரிசெய்யக்கூடியது.

ஹட்டனில், உறுதிகள் எழுதும் ஒரு நொத்தாரிசின் அலுவலகத்தில் 22 வருஷம் கிளார்க்காக இருந்தவன் நான். இந்தக் கேள்வியோடு படியேறி வந்தவர்களை எண்ணிக் கணக்குச் சொல்ல முடியாது. பாதிப்பேர் பூட்டை உடைத்த பிறகு வந்தவர்கள். அவர்களுக்குத்தான் செலவு கூட.

"என் வீடுதானே" என்பது உண்மை. வீட்டு உறுதிப் பத்திரம் உங்கள் பெயரில் இருக்கிறது, அதை யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் நம் இலங்கைச் சட்டத்தில் உரித்து (யாருக்குச் சொந்தம்) வேறு, உடைமை (யார் கையில் இருக்கிறது) வேறு. வாடகைக்கு விட்ட நாளிலிருந்து அந்த மேல்மாடியின் உடைமை அவர்கள் கையில் இருக்கிறது. ஆள் ஊரில் இல்லாவிட்டாலும், வாடகை தராவிட்டாலும், பூட்டும் சாமானும் அங்கே இருக்கும்வரை உடைமையும் அவர்களுடையதுதான் என்று அவர்கள் வாதாட இடமிருக்கிறது. 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தில் 66ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. பொலிஸ்காரர்களும் லோயர்மாரும் 'சிக்ஸ்டி சிக்ஸ்' என்று சொல்வது இதைத்தான். இந்த வழக்கில் நீதவான் உறுதியைப் பார்ப்பதில்லை. யார் உடைமையில் இருந்தார், வழக்குப் போட்ட நாளுக்கு முந்திய 2 மாதத்துக்குள் யாராவது அவரை வலுக்கட்டாயமாக வெளியேற்றினார்களா என்பதைத்தான் பார்ப்பார். வெளியேற்றியது தெரிந்தால் திரும்ப உள்ளே விடச் சொல்லிக் கட்டளை போடுவார். அந்த 2 மாதம் கடந்துவிட்டாலும், 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி ஒரு வருஷத்துக்குள் உடைமையைத் திரும்பக் கேட்டு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். அதாவது வாடகை கொடுக்காதவர் வழக்காளி, வீடு கட்டிய நீங்கள் எதிராளி.

ஒன்று கண்ணால் பார்த்தேன். டவுனில் ஒரு கடை அறை. தையல்காரர் ஒருவர் வாடகைக்கு எடுத்திருந்தார். நாலு மாதம் பாக்கி வைத்துவிட்டு ஆளைக் காணவில்லை. சொந்தக்காரர் கோபக்காரர் இல்லை, நல்ல மனுஷன். வேறு ஒருவர் கூடுதலான வாடகைக்குக் கேட்டு வந்ததும் பொறுமை போய்விட்டது. ஆசாரியைக் கூட்டி வந்து கொண்டியை அறுத்தார். நாங்கள் போய்ப் பார்க்கும்போது எல்லாம் பின்கட்டில் மழைச்சாரல் படுகிற இடத்தில் படங்கு போட்டுக் கிடந்தது. இரண்டு மெஷின், வெட்டிவைத்த பள்ளிக்கூடச் சீருடைத் துணி, பெயர் எழுதிக் குத்திய துண்டுக் கடதாசிகள். ஒரு மெஷினின் ஊசியில் வெள்ளை நூல் கோர்த்தபடி இருந்தது. சட்டம் எதுவும் தெரியாத ஒருவர் பார்த்தாலும் சொல்லுவார், இந்த ஆள் திரும்பி வர நினைத்துத்தான் போயிருக்கிறார் என்று. அவர் வந்தார். தகப்பனைக் கண்டி ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். வந்தவுடன் பொலிஸில் என்ட்ரி. மேசை லாச்சியில் பணம் இருந்தது, அடகு மீட்ட சங்கிலி இருந்தது என்றார். இருந்ததா இல்லையா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஆனால் இல்லை என்று காட்ட சொந்தக்காரரிடம் எதுவுமே இல்லை. யாரையும் சாட்சிக்கு வைக்காமல், பட்டியல் எடுக்காமல் திறந்துவிட்டார். கடைசியில் நாலு மாத வாடகையையும் விட்டு, கையிலிருந்தும் கொடுத்துத்தான் சமாதானம் ஆனது.

அந்தச் சாமானை விற்று பாக்கியை எடுத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அதையும் கேட்காதீர்கள். வாடகை பாக்கிக்கு வாடகைக்காரரின் சாமான்மேல் வீட்டுக்காரருக்கு ஒரு பிடிப்பு உண்டு என்பது நம் ரோம-டச்சுச் சட்டத்தில் இருக்கிற விஷயம்தான். ஆனால் அதை நீதிமன்றம் வழியாகத்தான் எடுக்க முடியும். நீங்களாக விற்றால் அது வேறு பெயரில் பொலிஸுக்குப் போகும்.

சரி, இப்போது உங்கள் கடதாசிக்கு வருவோம். ஜே.பி. முன்னால் கையெழுத்து வைத்தது பெறுமதியானது என்று நினைத்திருப்பீர்கள். மலையகத்தில் முக்கால்வாசி வீட்டு எக்ரிமென்ட் இப்படித்தான் இருக்கிறது. ஆனால் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை எதுவும் நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுதினால்தான் செல்லும். சமாதான நீதவான் நொத்தாரிசு இல்லை. ஆகவே உங்கள் 'இரண்டு வருஷம்' சட்டத்தின் கண்ணில் இல்லை. அவர்கள் மாதாமாதம் கொடுத்தார்கள், நீங்கள் வாங்கினீர்கள். அதனால் இது மாத வாடகை.

இதைக் கேட்டு மனம் உடைய வேண்டாம். உங்கள் நிலைமையில் இது நல்லது. மாத வாடகையை முடிக்க ஒரு முழு நாட்காட்டி மாத அறிவித்தல் போதும், இரண்டு வருஷம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கடதாசியை எறிந்துவிடாதீர்கள். வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, எந்தத் தேதியில் வந்தார்கள், அடையாள அட்டை இலக்கம் என்ன என்பதற்கெல்லாம் அதுதான் உங்கள் கையில் உள்ள எழுத்து.

உங்கள் மேல்மாடி புதுசு என்பதால் ஒரு தொல்லை குறைவு. பழைய டவுன் கட்டடங்களில் பரம்பரையாக இருக்கிற வாடகைக்காரர் என்றால் 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் குறுக்கே நிற்கும். அதன் பிடி 1980இலும் 2002இலும் வந்த திருத்தங்களால் தளர்ந்தது என்றாலும், அந்தச் சட்டத்துக்குள் வருகிற கட்டடத்துக்கு நோட்டீஸ் காலம், காரணம் எல்லாம் வேறு கணக்கு. ஹட்டன் பெரிய வீதியில் தாத்தா காலத்துக் கடை வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், என் கணக்கை அப்படியே எடுக்காமல் உறுதியோடும் பழைய ரசீதுகளோடும் ஒரு சட்டத்தரணியிடம் போங்கள்.

நோட்டீஸை எப்படிக் கொடுப்பது என்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். மாத வாடகை முதலாம் தேதி தொடங்கி மாதக் கடைசியில் முடிகிறது என்றால், நோட்டீஸும் அப்படித்தான் முடிய வேண்டும். ஜூலை 31க்குள் அவர்கள் கைக்குப் போய்ச்சேர வேண்டும், ஆகஸ்ட் 31ஆம் தேதியோடு வாடகை முடிகிறது, அன்று வீட்டை ஒப்படைக்க வேண்டும் என்று எழுத வேண்டும். "இன்றிலிருந்து 30 நாள்" என்று எழுதி, மாத நடுவில் முடிகிற நோட்டீஸால் வழக்கே விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். சட்டத்தரணி ஒருவர் மூலமாக அனுப்புவது நல்லது. அதற்கு ஆகும் செலவு பின்னால் மிச்சமாகும்.

ஆள் இல்லாத வீட்டுக்கு நோட்டீஸ் எங்கே அனுப்புவது? மூன்று இடத்துக்கும் அனுப்புங்கள்: உங்கள் மேல்மாடி முகவரி, அடையாள அட்டையில் உள்ள ஊர் முகவரி, அவர் வேலை செய்த இடம். எல்லாம் பதிவுத் தபாலில். தபால் கந்தோரில் தருகிற துண்டை ஒரு கொப்பியில் ஒட்டி, எந்த முகவரிக்கு எந்தத் துண்டு என்று பக்கத்தில் எழுதி வையுங்கள். கடிதம் திரும்பி வந்தால் கவரைத் திறக்காதீர்கள். 'ஆள் இல்லை' என்றோ 'விலாசத்தில் வசிப்பதில்லை' என்றோ தபால்காரர் எழுதி, முத்திரை குத்தி, ஒட்டினது ஒட்டினபடி இருக்கிற கவர்தான் நீதிமன்றத்தில் பேசும். இன்னொரு பிரதியைக் கதவில் ஒட்டுங்கள். ஜூலை மழைக்கு வெறும் கடதாசி இரண்டு நாள் தாங்காது, பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டுங்கள். ஒட்டும்போது கிராம சேவகரைக் கூப்பிட்டு வைத்து, பூட்டும் நோட்டீஸும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுங்கள்.

நோட்டீஸுக்குப் பிறகு அவர்கள் எங்கிருந்தாவது வங்கியில் பணம் போட்டால் அதை 'ஆகஸ்ட் வாடகை', 'செப்டெம்பர் வாடகை' என்று ரசீது எழுதி வாங்காதீர்கள். அப்படி வாங்கினால் வாடகையைத் தொடரச் சம்மதித்துவிட்டீர்கள் என்று வாதம் வரும். பழைய பாக்கிக்கு என்றோ, வீட்டை வைத்திருப்பதற்கான நட்டஈடு என்றோ, உரிமைக்குப் பங்கமில்லாமல் பெற்றுக்கொண்டேன் என்றோ எழுதுங்கள்.

இதெல்லாம் ஒரு பக்கம் ஓடட்டும். உண்மையில் வீடு திரும்பக் கிடைப்பது பெரும்பாலும் மற்றப் பக்கத்தில். ஆளைத் தேடுங்கள் டீச்சர். மலையகம் சின்ன இடம், இங்கே யாரும் முழுசாகக் காணாமல் போவதில்லை. புருஷன் கொழும்பில் ஒரு கடையில் நின்றால் மனைவி தாய்வீட்டில் இருப்பாள். மனைவி ஏஜென்சி மூலமாக வெளிநாடு போயிருந்தால் பிள்ளை அம்மாயியிடம் இருக்கும். நீங்கள் ஆசிரியையாக இருந்தவர், உங்களிடம் படித்தவர்கள் எத்தனை தோட்டத்தில் இருப்பார்கள்! அவர்கள் எந்தத் தோட்டத்து ஆட்கள் என்று விசாரித்து, நம்பிக்கையான ஒருவரிடம், "டீச்சர் சண்டைக்கு வரவில்லை, சாவியைக் கொடுத்தால் போதும், பேசித் தீர்க்கலாம் என்கிறார்" என்று சொல்லி அனுப்புங்கள். வாடகை கொடுக்க முடியாமல் போனவர்கள் வெட்கத்தில்தான் போனை நிறுத்துகிறார்கள். தோட்டத் தொழிலாளரின் லயத்துக் காம்பராவிலிருந்து டவுனுக்கு வந்து, தனி வீட்டில் இருக்கிறோம் என்று சொந்தக்காரர்களிடம் தலைநிமிர்ந்து சொன்னவர்களுக்கு, திரும்பப் போய் அதே இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) பாய் போடுவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாததா. ஏமாற்றவே வந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அலுமாரியையும் பிள்ளையின் புத்தகத்தையும் விட்டுவிட்டு ஓடுகிறவர்கள் அந்த ரகம் இல்லை என்பது என் அனுபவம்.

பேஸ்புக்கில் அவர்கள் படத்தையும் அடையாள அட்டையையும் போட்டு 'இவர்களைக் கண்டால் சொல்லுங்கள்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மானநஷ்டம் என்று வழக்கு வரலாம். அதைவிட, அதைப் பார்த்த பிறகு அவர்கள் ஒருநாளும் உங்கள் வாசலுக்கு வரமாட்டார்கள்.

ஆள் கிடைத்ததும் கணக்கைத் தெளிவாகப் பாருங்கள். பெப்ரவரியிலிருந்து ஜூலைவரை 6 மாதம், 120,000 ரூபா. அட்வான்ஸ் 60,000 உங்களிடம் இருக்கிறது. ஆகவே ஜூலை முடிவில் சாவி வந்தால் நீங்கள் இழப்பது 60,000. இப்போது வழக்கை நினைத்துப் பாருங்கள். வீட்டு வழக்கு ஒரு வருஷத்தைத் தாண்டுவது சர்வசாதாரணம். மூன்று மாதம் வீடு சும்மா பூட்டிக் கிடந்தாலே அந்த 60,000 போய்விடும், லோயர் பீஸ் தனி. ஆகவே பாக்கியில் பாதியை, தேவைப்பட்டால் முழுவதையுமே விட்டு சாவியை வாங்குவது தோல்வி இல்லை. என் தகப்பனாராக இருந்தால் அவருக்கும் இதையே சொல்லுவேன்.

ஆனால் சாவியோடு எழுத்தும் வாங்குங்கள். இன்ன தேதியில் இன்ன வீட்டின் உடைமையை என் விருப்பத்தோடு சொந்தக்காரரிடம் திருப்பி ஒப்படைக்கிறேன், என் சாமான் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன் அல்லது இன்ன தேதிக்குள் எடுப்பேன், அதற்குப் பிறகு மிச்சமிருப்பதில் எனக்கு உரிமை இல்லை, பாக்கி இவ்வளவு, மாதம் இவ்வளவாகக் கட்டுவேன். இவ்வளவும் இருந்தால் போதும். அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து, இரண்டு சாட்சி. பாக்கியை ஏற்று எழுதிய வரி முக்கியம். வாடகைப் பணம் கேட்டு வழக்குப் போட 3 வருஷம்தான் காலக்கெடு, கடனை ஒத்துக்கொண்டு கையெழுத்து வைத்தால் அந்தக் கணக்கு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும். அவர்கள் வெளிநாட்டில் இருந்தால் வட்ஸ்அப்பில் எழுத்தாகவே அனுப்பச் சொல்லுங்கள். இலத்திரனியல் செய்திகளுக்கும் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. அந்தப் போனை மாற்றாதீர்கள், செய்தியை அழிக்காதீர்கள். வீட்டிலுள்ள உறவினர் ஒருவரை அனுப்பிச் சாமானை எடுக்கச் சொல்லி, அவர் முன்னால் பட்டியல் எழுதி, அவரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

பணம் மட்டும்தான் பிரச்சினை, ஆள் ஊரில் இருக்கிறார், பேச மறுக்கிறார் என்றால் மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது. சனி, ஞாயிறுகளில் பள்ளிக்கூட மண்டபங்களில் கூடுவார்கள், லோயர் தேவையில்லை. சின்னத் தொகை வழக்குகளுக்கு முதலில் அங்கே போய், இணக்கம் வராவிட்டால் அவர்கள் தருகிற சான்றிதழோடுதான் நீதிமன்றம் போக முடியும். ஆள் இல்லாமல் இணக்கம் பேச முடியாது, அது வேறு விஷயம்.

எதுவுமே பலிக்காவிட்டால் மாவட்ட நீதிமன்றம். ஆகஸ்ட் 31 கடந்தும் பூட்டு தொங்கினால் அதற்குப் பிறகுதான் வழக்கு. வீட்டை ஒப்படைக்கும்படியும், பாக்கியையும், ஒப்படைக்கும் நாள்வரை மாதத்துக்கு இவ்வளவு நட்டஈட்டையும் சேர்த்துக் கேட்பார்கள். ஆள் இல்லையே, அழைப்பாணையை யாரிடம் கொடுப்பது என்று பயப்பட வேண்டாம். நேரில் கொடுக்க முடியவில்லை என்று காட்டினால் கதவில் ஒட்ட நீதிமன்றம் அனுமதிக்கும். உங்கள் கொப்பியில் ஒட்டிய துண்டுகளும் திறக்காத கவர்களும் அங்கே கைகொடுக்கும். அவர்கள் வராவிட்டால் ஒருதலைப்பட்சமாக விசாரித்துத் தீர்ப்பாணை தருவார்கள். அந்தத் தீர்ப்பாணையையும் அவர்களுக்குச் சேர்ப்பித்து, அதை நீக்கக் கேட்க அவர்களுக்குள்ள 14 நாளும் போக வேண்டும். அப்புறம் தீர்ப்பை நிறைவேற்றும் எழுத்தாணை எடுத்து, பிஸ்கால் என்கிற நீதிமன்ற அலுவலர் வந்து பூட்டைத் திறந்து, சாமானைப் பட்டியலிட்டு வீட்டை உங்களிடம் தருவார். அதே பூட்டுத்தான், அதே கதவுதான். ஆனால் அன்று யாரும் உங்கள்மேல் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. செலவுக்கு முடியாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவில் கேட்டுப் பாருங்கள். வருமானத்தைப் பார்த்துத்தான் எடுப்பார்கள்.

அதுவரை வீடு என்ன ஆவது என்று கேட்பீர்கள். கரன்ட் பில் உங்கள் பெயரில் வருகிறது என்றால் கட்டிவிட்டு ரசீதை வையுங்கள், நட்டக் கணக்கில் சேரும். மீட்டரைக் கழற்றச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டாம். குழாய் உடைந்து கீழ்வீட்டுக்குத் தண்ணீர் இறங்குகிறது, கேஸ் மணக்கிறது, கூரைத் தகரம் பிய்ந்துவிட்டது என்றால் அது அவசரம், திறக்கலாம். ஆனால் தனியாக இல்லை. பொலிஸில் என்ட்ரி போட்டு, கிராம சேவகரோடும் ஒரு அயலவரோடும் போய், கதவு திறக்கும் நொடியிலிருந்து வீடியோ எடுத்து, அந்தத் திருத்த வேலையை மட்டும் செய்துவிட்டு, புதுப் பூட்டுப் போட்டு, வாடகைக்காரர் வந்தால் கொடுக்க ஒரு சாவி தனியாக இருக்கிறது என்று அந்த என்ட்ரியிலேயே எழுதச் செய்யுங்கள். மூன்று மாதம் பூட்டின அறையில் மெத்தை பூஞ்சணம் பிடித்திருக்கும், அரிசி வாளியில் வண்டு வைத்திருக்கும். மணத்தைப் பொறுக்காமல் எடுத்து எறியத் தோன்றும். தொடாதீர்கள்.

தோட்டத்து லயக் காம்பராவை வாடகைக்கு விட்டுவிட்டு இதே கேள்வியைக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மேலே சொன்ன வழி பொருந்தாது. லயம் தோட்டத்தினுடையது, அதில் குடியிருப்பவரிடம் உறுதி இல்லை. சொந்தக்காரர் என்று சொல்லி நீதிமன்றத்தில் நிற்க முடியாது. தோட்ட ஆபீஸ், தோட்டத் தலைவர்மார் வழியாகத்தான் பேசித் தீர்க்க வேண்டும்.

அடுத்த முறை வாடகைக்கு விடும்போது நொத்தாரிசிடம் போங்கள், பதிவும் செய்யுங்கள். 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம், குத்தகைக்குக் கொடுத்த கட்டடத்தின் உடைமையைச் சுருக்கமான வழியில் மீட்பதற்கென்றே வந்தது. ஜே.பி. கடதாசியோடு அந்தக் கதவைத் தட்ட முடியாது. அட்வான்ஸ் வாங்கும்போதே இரண்டு பேருடைய அடையாள அட்டைப் பிரதி, ஊர் முகவரி, ஊரில் ஒரு நெருங்கிய சொந்தத்தின் போன் இலக்கம் மூன்றையும் வாங்கி வையுங்கள்.

இந்த வாரம் உங்களுக்கு வேலை இரண்டுதான். அடையாள அட்டைப் பிரதியில் உள்ள தோட்டத்தின் பெயரைப் பார்த்து அங்கே யாரைத் தெரியும் என்று யோசியுங்கள். நோட்டீஸை 20ஆம் தேதிக்கு முன்னால் தபாலில் சேருங்கள், மழைக்காலத்தில் மலைப்பக்கத்துத் தோட்டங்களுக்குத் தபால் இரண்டு மூன்று நாள் பிந்தும். கடிதத்தைத் தமிழிலேயே எழுதச் சொல்லுங்கள். அவர்கள் இன்னொருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாமல் தாங்களே வாசிக்கட்டும்.